என்ன சொல்லி ஊற்றினீர்கள்

பழங்காலத்துக் கிறிஸ்தவ ஆயர்கள் நிசேயாவில் சங்கம் கூடி ஆயிரத்து எழுநூறு ஆண்டு ஆகிறது, அதைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியார் போன வருடம் வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன வயது. மாற்றலாகி வந்து ஆறு மாதம் இருக்கும். அவர் யாரைக் கேட்டிருந்தாலும் என்னைத்தான் கைகாட்டியிருப்பார்கள். இருபத்தைந்து வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் நான். பிள்ளைகள் நாலு செபம் மனப்பாடமாகச் சொன்னால் போதும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். நாம் சொல்கிற விசுவாச அறிக்கையை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், எழுதும்போது யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்பதுவரை சொல்லித்தான் அனுப்புவேன். பிள்ளைகள் பசியில் நெளிந்துகொண்டிருக்கும்.

"அரை மணி நேரம் பேசினாப் போதும்மா" என்றார் சாமியார்.

உள்ளறையில் படுத்திருந்த என் கணவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அரை மணி நேரத்துல அவ தொண்டையைக் கூடக் கனச்சு முடிக்க மாட்டாளுங்க ஃபாதர்."

சாமியார் சிரித்துவிட்டுப் போனார். என் கணவருக்கு அப்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். கிண்டல் மட்டும் குறையவில்லை.

அவர் கிறிஸ்தவர் இல்லை. கடத்தூர்ப் பக்கம் பரம்பரையாகப் பயிர் வைக்கிற குடும்பம். தக்காளி, மரவள்ளி, தண்ணீர் இருந்தால் மஞ்சள். நான் அரூரில் ஒரு அரசு அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பத்தைப் பார்ப்பது, இணைப்பு எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது, ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவது. இதுதான் என் வேலை. ஊரில் எனக்கு 'திருப்பியனுப்பி' என்று பெயர் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. கணவர் தன் சித்திக்கு வாரிசுச் சான்று வாங்க வந்தவர். மூன்று முறை திருப்பி அனுப்பினேன். ஒரு தடவை கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து இல்லை, ஒரு தடவை முத்திரை இல்லை, ஒரு தடவை முகவரி ஒத்துப்போகவில்லை. நாலாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். ஐந்தாவது தடவையும் வந்து நின்றார். என்ன வேண்டும் என்றேன். "இந்தத் தடவ என்ன கொறையுதுன்னு தெரியல. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். கையில் ஒரு காகிதமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அலுவலகத்தில் சிரித்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லையாம்.

இரண்டு வீட்டிலும் ஆகாது என்றார்கள். ஒரு வருடம் இழுத்து, பிறகு ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலிலேயே திருமணம் நடந்தது. அவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை. "உங்க சாமி மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா எங்க சாமிய விட்டுட்டு வர்றதுக்கு அதுவும் ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றார். இப்படிப்பட்ட திருமணத்தில், பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கப் பெண் எழுதிக்கொடுக்க வேண்டும். அது தனக்குத் தெரியும் என்று அவரும் கையெழுத்து போட வேண்டும். போட்டார். ஞாயிறு தோறும் எங்கள் வீடு இருக்கிற மொரப்பூரில் இருந்து என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து, பூசை முடியும்வரை கோயிலுக்குள் கடைசித் தூண் ஓரமாக நிற்பார். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் பிரசங்க நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். இவர் அசையாமல் நின்று கேட்பார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் மறுநாள் பாடத்தைத் தயார் செய்வேன். அவர் எதிரே உட்கார்ந்து பழைய சங்கங்களின் கதையைக் கேட்பார். யேசு கடவுள்தான், ஆனால் தந்தைக்கு ஒரு படி கீழே, தந்தை அவரைப் படைத்தார் என்று ஒரு குரு சொல்லப்போக, ஊருக்கு ஊர் சண்டையாகி, கடைசியில் பேரரசனே ஆயர்களை நிசேயாவில் கூட்டினான் என்று சொன்னேன். முந்நூறு பேர் வரை கூடி வாதாடி, மகன் தந்தையோடு ஒரே பொருள் என்று முடிவு எழுதினார்கள்.

"அப்பன் பட்டா வேற, மவன் பட்டா வேறன்னு அந்தாளு சொல்லியிருக்கான். இவங்க, இல்லடா, இது பாகம் பிரிக்காத நெலம், ஒரே பட்டான்னு சொல்லிட்டாங்க. அதான?"

இருபத்தைந்து வருடத்தில் என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அதை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதில்லை.

இன்னொரு சனிக்கிழமை ஞானஸ்நானச் சண்டையைச் சொன்னேன். திருச்சபையை விட்டுப் பிரிந்து போனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா, அவர்கள் திரும்பி வந்தால் மறுபடி தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று ஆப்பிரிக்க ஆயர்களும் ரோமாபுரி ஆயரும் மோதிக்கொண்டார்கள். கடைசியில், ஊற்றுகிறவன் யார் என்பது பெரிதில்லை, தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று பெயரையும் சொல்லி ஊற்றினானா என்பதுதான் கேள்வி என்று முடிவானது. அதனால்தான் இன்றைக்கும் உயிர் போகிற ஆபத்தில் யாரும் ஊற்றலாம். கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் ஊற்றலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் போதும்.

"நான் ஊத்துனாக் கூட?"

"நீங்க ஊத்துனாக் கூட."

"பரவால்லையே" என்றார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

திருமணம் ஆகி ஐந்து வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை ஏழரை மாதத்தில் பிறந்தது. தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். நான் இரண்டாம் மாடியில் படுக்கையில் இருந்தேன். குழந்தை கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நான் அவளை உயிரோடு ஒரு தடவைதான் பார்த்தேன். நர்ஸ் தூக்கிக்கொண்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டு எடுத்துப் போனாள். அவருக்குக் கீழே உட்கார இடம் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளும் அவர்தான் அவள் பக்கத்தில் இருந்தார்.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு அவர் கீழே இருந்து போன் செய்தார்.

"பாப்பாவுக்கு மூச்சு எறங்கிக்கிட்டே வருதாம். சாமியாரு எங்க வர்றாரு?"

அப்போதிருந்த பங்குச் சாமியார் வயதானவர். விடிந்ததும் சொல்லி அனுப்பியிருந்தோம், யாரோ வண்டியில் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் இருக்கிறார், அரை மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றேன்.

"நான் ஊத்திரட்டுமா?"

"வேணாங்க. சாமியார் வந்துருவாரு. கொஞ்சம் இருங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் ஊற்றலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனால் என் பிள்ளைக்கு எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்றிருந்தது. வெள்ளைத் துணி, மெழுகுதிரி, ஞானத்தாய், ஞானத்தகப்பன், பதிவேட்டில் ஒரு வரி. இந்துப் பையனைக் கட்டிக்கொண்டவளின் பிள்ளைக்கு அவசரத்தில் யாரோ ஊற்றினார்கள் என்று நாளைக்கு ஒருத்தி சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அவசர ஞானஸ்நானம் கொடுத்தால் பிள்ளை சாகப்போகிறது என்று நான் ஒத்துக்கொண்டதாகிவிடும். எனக்கு அது முடியவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் அவர் மாடிக்கு ஏறி வந்தார். சட்டைக் கையின் முனை நனைந்திருந்தது. கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "போயிட்டா" என்றார். பிறகு அவசர அவசரமாக, எனக்கு ஒரு ஆறுதலைக் கையில் வைத்துக்கொண்டு வந்ததுபோல, "ஊத்திட்டேன். நீ வேணாம்னு சொன்ன. ஆனா மனசு கேக்கல. உசுரு இருக்கறப்பவே ஊத்திட்டேன். கண்ண முழிச்சுப் பாத்தா" என்றார்.

நான் கேட்டேன்: "என்ன சொல்லி ஊத்துனீங்க?"

மகள் வலிபட்டாளா, எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்திருந்தாள், யாருடைய ஜாடை, ஒன்றையும் கேட்கவில்லை. எனக்கு வந்த முதல் கேள்வி அதுதான்.

"யேசு சாமி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னு சொன்னேன்."

"அவ்ளோதானா? தந்தை, மகன், தூய ஆவின்னு சொல்லலையா?"

அவர் முகம் மாறியது. "பதட்டத்துல யேசு சாமி பேருதான் வாயில வந்துச்சு. ஏன், அவரும் அவங்கப்பாவும் ஒண்ணுதான்னு நீதான சொல்லுவ? பாகம் பிரிக்காததுதான? ஒருத்தர் பேரச் சொன்னா மூணு பேருக்கும் சேராதா?"

"சேராதுங்க" என்றேன். "அது செல்லாது."

மேசைக்கு முன்னால் நிற்கிறவரிடம் நான் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அது. அதே குரலில் வந்தது. அவர் கீழே போய், மகளைத் துணியில் சுற்றித் தன் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வைக்காமல் அவரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் கை நீட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சாமியார் வந்ததும் நான் அவரிடமும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். யார் ஊற்றினார், எத்தனை மணிக்கு, எந்த வார்த்தை. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இதையெல்லாம் இப்பக் கேக்காத. பெத்தவங்க ஞானஸ்நானம் குடுக்க ஆசைப்பட்ட பிள்ள. அது போதும், நான் அடக்கம் பண்றேன்" என்றார். அன்று சாயங்காலமே எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் வரிசையில் அவளை வைத்துச் செபம் சொன்னார். நான் போகவில்லை, போக முடியாது, தையல் போட்ட உடம்பு. அவர்தான் குழிக்குள் இறங்கி வாங்கி வைத்தாராம். கூடப் போன என் தம்பி சொன்னான். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. சண்டையும் இல்லை. அவர் நல்ல மனுஷன், குரலை உயர்த்தினவரில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல என்னை வண்டியில் கொண்டுவந்து விடுவார். ஆனால் கோயிலுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு செய்தித்தாள் படிப்பார். உள்ளே எல்லோரும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்லும்போது ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரியும். ஏன் உள்ளே வருவதில்லை என்று நான் கேட்டதே இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை. சனிக்கிழமைச் சாயங்காலக் கதைகளும் நின்றுபோயின. நான் கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுவேன், அவர் வெளியே போய்த் தக்காளிக்காரர்களோடு போன் பேசுவார்.

ஒருத்தரிடம் தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால், செல்லாததைச் செல்லும் என்று பொய் சொன்னதாகிவிடுமே என்று எனக்குள் ஒரு வாதம் இருந்தது. நான் சொன்னது சரி, சொன்ன நேரம்தான் தப்பு என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இவ்வளவு படித்தவளுக்கு இவ்வளவு சின்ன விஷயம் புரியவில்லை.

குழந்தை போய் எட்டு வருடம் கழித்து, ஒரு பயிற்சிக்காக மறைமாவட்டத்து நூலகத்துக்குப் போயிருந்தேன். பழைய திருச்சபை வரலாறு ஒன்று, தடிமனானது, கட்டு விட்டுப்போனது. ஞானஸ்நானச் சண்டையைப் பற்றிய அதிகாரத்தைப் பிரித்தேன். நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததைவிட விஷயம் சிக்கலாக இருந்தது. கிறிஸ்துவின் பெயரை மட்டும் சொல்லி ஊற்றியதும் செல்லும் என்று அந்தக் காலத்திலேயே ஒரு சாரார் வாதாடியிருக்கிறார்கள். நிசேயாவுக்கு ஐம்பது, அறுபது வருடம் கழித்து ஒரு பெரிய ஆயர், ஒருவர் பெயரைச் சொன்னால் மூவரையும் சொன்னதாகத்தான் பொருள் என்ற மாதிரி எழுதியிருக்கிறார். பல நூற்றாண்டு கழித்துக்கூட ஒரு போப்பாண்டவர் அதையே ஒட்டிப் பதில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் மூன்று பெயரும் இல்லாமல் செல்லாது என்று உறுதியாக முடிவானது. இன்றைய சட்டமும் அதுதான்.

ஒருவர் பெயரைச் சொன்னால் மூவருக்கும் சேரும். தக்காளி பயிர் செய்கிற என் கணவர், நனைந்த சட்டையோடு, இறந்த மகளைக் கீழே வைத்துவிட்டு வந்து சொன்னது அதே வாதம். ஒரு ஆயர் எழுதிவைத்ததை அவர் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மொரப்பூர் வரும்வரை, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னா, மொகமெல்லாம் வீங்கியிருக்குது?" என்றார். "பஸ்ஸுல ஒரே காத்து" என்றேன். எட்டு வருடம் மூடி வைத்ததை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. திறந்தால் அந்தக் காலை முழுதும் திரும்பி வரும், நான் கேட்ட கேள்வியும் திரும்பி வரும். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த இன்னொரு நாள் பதினோரு வருடம் வரவில்லை. அதில் வீம்பும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையும் ஒரு இணைப்பு குறைந்த விண்ணப்பம்தான்.

அவருக்கு உடம்பு கெட்ட முதல் வருடத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் நாளைக்கு அவரை எங்கள் கல்லறைத் தோட்டத்தில், மகள் இருக்கிற இடத்தில் வைக்கலாம். அதை அவரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"நான் ஊத்துனதே செல்லல. எனக்கு ஊத்தி என்ன ஆவப்போவுது, விடு."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவர் அதைத் தன் உடம்பை நினைத்து அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, "அட, இப்பவே ஒண்ணும் போயிர மாட்டேன்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பேச்சுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை, சேலத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். நான் மடியில் நோட்டை வைத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்த நிசேயா கூட்டத்துல, பேரு சரியாச் சொல்லாம ஊத்துனதப் பத்தி ஏதாச்சும் பேசுனாங்களா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. பத்தொன்பது வருடத்தில் அவராக அந்தப் பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிற விண்ணப்பத்தை விசாரிக்கிற குரலில் கேட்டார், ரொம்ப மரியாதையாக.

"பேசுனாங்க" என்றேன்.

"என்னன்னு முடிவு பண்ணாங்க?"

மூவொரு கடவுளை ஒழுங்காக ஏற்காத ஒரு கூட்டத்தார் திரும்பி வந்தால் மறுபடி ஊற்ற வேண்டும் என்று அந்தச் சங்கத்தின் சட்டங்களில் ஒன்று உண்டு. அது என் நோட்டிலேயே இருந்தது. "மறுபடியும் ஊத்தணும்னு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "பாப்பாவுக்கு இனிமே யாரு மறுபடி ஊத்தறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நிசேயா சொன்னதோடு முடிந்துவிடவில்லை, அதற்குப் பிறகு ஒரு ஆயர் உங்கள் பக்கம் எழுதியிருக்கிறார் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பதினோரு வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? திரும்பி வரும்போது சொல்லலாம் என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியதை டயாலிசிஸ் முடியும்வரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மனதுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். திரும்பும்போது அவர் அசந்துபோய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் காலை டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நேத்து ரயில்ல நீங்க கேட்டீங்களே, அதுல இன்னொண்ணு இருக்குதுங்க" என்று ஆரம்பித்தேன். வாசலில் அவர் தம்பியின் வண்டிச் சத்தம் கேட்டது. டயாலிசிஸுக்கு மறுநாள் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும், கடத்தூர்ப் பக்கம் இருக்கிற கொல்லைக்குப் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வருவார்.

"கொல்லையில மோட்டார்காரன் வந்து காத்துக்கிட்டிருக்கான். சாயந்தரம் சொல்லு" என்று செருப்பை மாட்டினார். ரெண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்து, "மறக்காம சொல்லு" என்றார்.

மூன்று மணிக்கு அவர் தம்பி அலுவலகத்துக்குப் போன் செய்தார். வரப்பில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், கடத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது என்றார். என் மேசையில் ஒரு விண்ணப்பம் பாதி பார்த்தபடி கிடந்தது.

அவர்கள் வழக்கப்படி கொல்லையிலேயே அடக்கம் செய்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நடந்திருக்காது, எனக்கு எதுவும் ஊத்த வேணாம், எங்க நெலத்துலயே வெச்சிருங்க என்று அவரே தம்பியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். எங்கள் சின்னச் சாமியார் அங்கி போடாமல் சாதாரணச் சட்டையில் வந்து, மரவள்ளிச் செடிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக நின்றிருந்தார். மகள் ஒரு இடத்தில், தகப்பன் ஒரு இடத்தில். நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தத் தூரத்தை வைத்தவள் நான்.

பேச்சை வேறு யாராவது பேசட்டும் என்று சாமியார் சொன்னார். நான்தான் பேசுகிறேன் என்றேன். ஒரு மாதம் தள்ளி வைத்து ஞாயிறு பூசைக்குப் பின் நடத்தினார்கள். ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். நிசேயாவைச் சொன்னேன், ஒரே பொருள் என்பதைச் சொன்னேன், மறுபடி ஊற்ற வேண்டும் என்ற சட்டத்தைச் சொன்னேன். பிறகு நோட்டை மூடிவிட்டு, ஒருவர் பெயரைச் சொன்னால் மூவரையும் சொன்னதாகும் என்று எழுதிய அந்த ஆயரைப் பற்றிச் சொன்னேன். திருச்சபை பின்னால் அவர் வழியில் போகவில்லை என்பதையும் சொன்னேன். ஆனால் அப்படி நம்பியவர்களும் நம்மைப் போலவே நல்ல விசுவாசிகள், அவர்கள் பிள்ளைகளும் கடவுளின் பிள்ளைகள் என்று சொன்னேன். குரல் உடையாமல் சொல்லி முடித்தேன்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் சாமியார். யாரிடமும் கேள்வி இல்லை. பின்னால் டீயும் சுண்டலும் வந்திருந்தன. பிள்ளைகள் எழுந்துவிட்டன. பேச்சு நல்லா இருந்துச்சுங்க டீச்சர் என்று இரண்டு பேர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இத்தனை வருடத்தில் என்னிடம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர்தான் கேட்டார். ஐம்பது பேருக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லவில்லை. தான் மகளுக்கு ஊற்றிய தண்ணீர் வெறும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.